விடை தெரிந்த காற்று

"எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லயே பார்த்துடலாமே, இன்னும் எதுக்கு அவ்வளவு பெரிய பெட்டி?"

காற்றுச் சுரங்கம் என்று பேச்செடுத்தாலே இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. கல்லூரி நிர்வாகிகள் கேட்கிறார்கள். விரிவுரையாளர்களில் சிலரே கேட்கிறார்கள். போன வருஷம் பட்டம் வாங்கிய பையன்களும் பெண்களும் கேட்கிறார்கள். கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்குக் காட்டப்பட்ட காற்றுச் சுரங்கம் அப்படி. என் கோபம் காட்டியவர்கள் மேல். நம் பல்கலைக்கழகங்களில் இந்தப் பெட்டி வேண்டாத பொருளாகத் தெரிவதற்கு ஒரே காரணம்தான்: விடை ஏற்கெனவே தெரிந்த கேள்விகளை மட்டுமே அதற்குள் வைக்கிறோம். தெரிந்த விடையைத் திரும்பச் சொல்ல நிச்சயமாகக் கணினி போதும். சொல்லப்போனால் கணினிகூட வேண்டாம், ஜெராக்ஸ் கடை போதும்.

இது என்ன இயந்திரம் என்று தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. சுரங்கம் என்றதும் மண்ணைத் தோண்ட வேண்டாம். இரண்டு பக்கமும் திறந்த ஒரு நீளப் பெட்டி, அல்லது சுற்றி வந்து தன் வாலைத் தானே பிடித்துக்கொள்ளும் பெட்டி. ஒரு பக்கம் பெரிய விசிறி. வருகிற காற்றின் சுழலை அடக்கத் தேன்கூடு மாதிரி ஒரு தடுப்பு, சில கம்பி வலைகள். நடுவில் கண்ணாடி வைத்த சோதனைப் பகுதி. பொருளை அங்கே நிறுத்திவைத்துக் காற்றை ஓடவிடுவார்கள். காற்று அதை எவ்வளவு தூக்குகிறது, எவ்வளவு இழுக்கிறது என்று தாங்கும் தராசு சொல்லும். எங்கே அழுத்தம், எங்கே உறிஞ்சல் என்று மேற்பரப்பில் போட்ட ஊசித்துளைகள் சொல்லும். 1871இல் இங்கிலாந்தில் ஃபிரான்சிஸ் வென்ஹம் முதலாவதைக் கட்டியபோதும் அடிப்படை இதுதான். இன்றைக்கும் இதுதான்.

நான் படித்த கல்லூரியிலும் ஒன்று இருந்தது. பெயர் வேண்டாம். ஒரு பருவத்துக்கு ஒரு மதியம் எங்களுக்கு. முப்பது பேர் சுற்றி நிற்போம். டெக்னிசியன் ஸ்விட்சைப் போடுவார். மாதிரியைத் தொடக்கூடாது, கண்ணாடியைத் திறக்கக்கூடாது, வேகத்தை மாற்றக்கூடாது. உள்ளே நிற்பது நாகா 0012 என்ற சமச்சீர்ச் சிறகு. அதன் எண்களை அமெரிக்கர்கள் 1933லேயே அச்சிட்டுவிட்டார்கள். எங்கள் எண் அந்த எண்ணோடு ஒத்துப்போனால் முழு மதிப்பெண். ஒத்துப்போகாவிட்டால் 'பரிசோதனைப் பிழை' என்று ஒரு பத்தி. முந்தின வருஷத்து அறிக்கை ஒன்று மேசை மேலேயே கிடக்கும், "இப்படித்தான் வரணும்" என்பதற்கு அடையாளமாக. தமிழ்நாட்டில் ஏரோநாட்டிக்கல் படித்த நண்பர்களைக் கேட்டேன். உருளையின் மேல் அழுத்தப் பரவல், சமச்சீர்ச் சிறகின் மேல் அழுத்தப் பரவல். பட்டியல் அங்கேயும் கிட்டத்தட்ட இதேதான்.

விடை தெரிந்த சோதனை கூடாது என்று நான் சொல்லவில்லை. கருவியோடு பழக அது வேண்டும். சமைக்கக் கற்பவர் முதலில் சோறு வடிக்கட்டும். நாலு வருஷமும் சோறு மட்டுமே வடித்துவிட்டுச் சமையல்காரர் பட்டம் வாங்குவதுதான் பிரச்சனை.

ரைட் சகோதரர்கள் பறந்த கதையை நமக்கெல்லாம் பள்ளியில் சொன்னார்கள். பெட்டி கட்டிய கதையைச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. 1901இல் கிட்டி ஹாக் மணல்மேட்டில் அவர்களுடைய கிளைடர், கணக்குப்படி தூக்க வேண்டிய அளவு தூக்கவில்லை. கணக்கோ அன்றைக்கிருந்த நல்ல அட்டவணைகளிலிருந்து வந்தது. ஜெர்மானியர் ஓட்டோ லிலியன்தாலின் எண்கள், அதோடு ஒரு நூற்றாண்டுக்கு மேல் கைமாறி வந்த 'ஸ்மீட்டன் கெழு'. இருவரும் டேட்டனுக்குத் திரும்பி, தங்கள் சைக்கிள் கடையில் 6 அடி நீளத்துக்கு ஒரு மரப்பெட்டி செய்தார்கள். வாய் 16 அங்குலச் சதுரம். தராசு செய்ய சைக்கிள் ஸ்போக்கும் ரம்பத் தகடும். அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 200 சிறகு வடிவங்களைச் சோதித்துவிட்டார்கள். கெழுவில்தான் கோளாறு. எல்லோரும் 0.005 என்று வைத்திருந்தது உண்மையில் 0.0033 பக்கம் இருந்தது. புத்தகத்தோடு ஒத்துப்போகாத ஒரு காற்றைத் தோளில் உணர்ந்ததால்தான் அவர்களுக்குப் பெட்டி தேவைப்பட்டது. எங்கள் லேபில் ஒத்துப்போகாததற்குப் பெயர் பிழை.

கணினிக் கட்சிக்கு வருவோம். கணினியில் காற்றோட்டத்தைக் கணக்கிடுவது உண்மையிலேயே பெரிய சாதனை, அதை மறுக்கிறவன் முட்டாள். ஆனால் அந்த மென்பொருள் காற்றின் ஒவ்வொரு சுழலையும் பின்தொடர்வதில்லை. அது எந்தக் கணினிக்கும் கட்டுப்படியாகாத வேலை. சிறு சுழல்களுக்குப் பதிலாகக் 'கொந்தளிப்பு மாதிரி' என்று ஒன்றைப் போட்டு நிரப்புகிறது. அந்த மாதிரிக்குள் இருக்கும் மாறிலிகள் எங்கிருந்து வந்தன? சோதனைச் சாலைகளில் அளந்து வந்தன. மகன் சம்பாதிக்கத் தொடங்கியதும் அப்பா எதற்கு என்று கேட்கும் கதைதான் இது.

சந்தேகம் இருந்தால் 2010 ஃபார்முலா ஒன் பருவத்தைப் பாருங்கள். செப்பாங் பந்தயம் நடந்த காலத்தில் வளர்ந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். வெர்ஜின் அணி காற்றுச் சுரங்கத்தையே தொடாமல், முழுக்கக் கணினியில் ஒரு கார் வடிவமைத்தது. செலவு மிச்சம், எதிர்காலம் இதுதான் என்று பேட்டியெல்லாம் கொடுத்தார்கள். பருவ முடிவில் ஒரு புள்ளிகூட இல்லாமல் 12 அணிகளில் 12ஆவது இடம். நம்ம டோனி ஃபெர்னாண்டஸின் லோட்டஸ்கூட 10ஆவது வந்தது. அடுத்த ஆண்டே வெர்ஜின் அந்த வழியைக் கைவிட்டது. தோல்விக்கு வேறு காரணங்களும் இருந்தன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உலகத்திலேயே சிறந்த கணினிகள் வைத்திருக்கும் அணிகள் இன்றைக்கும் சுரங்க நேரத்துக்கு அடித்துக்கொள்வதும், யாருக்கு எத்தனை ஓட்டம் என்று விதி போட்டு அளந்து கொடுக்க வேண்டியிருப்பதும் வேடிக்கைக்காக அல்ல.

இதையெல்லாம் நான் மெர்சிங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜொகூரின் கிழக்குக் கரை, தியோமான் தீவுக்குப் படகு ஏறும் ஊர். இங்கே காற்று பொழுதுபோக்கு விஷயம் கிடையாது. நவம்பரிலிருந்து மார்ச் வரை தென்சீனக் கடல் மேலிருந்து வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும். தீவுப் படகுகள் குறையும், மீன்பிடிப் படகுகள் ஆற்றுக்குள் ஒண்டிக்கொள்ளும். மலாய்க்காரர்கள் முசிம் தெங்குஜு என்பார்கள். நமக்குத் திசைக்கு ஒரு பெயர் உண்டு: தென்றல், வாடை, கொண்டல், கோடை. ஈழத்துக் கடற்கரையில் சோழகம், கச்சான் என்று இன்னும் நுணுக்கம். இங்கே அடிப்பது வாடைக்கும் கொண்டலுக்கும் நடுவில் ஒன்று.

ஓர் இலக்கிய இதழில் இந்தச் சங்கதி எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் அதில் இருக்கிறது. காற்றுக்கு இத்தனை பெயர் வைத்த மொழியில், காற்றைப் பற்றி ஒரு வரி எழுதாத கவிஞர் இருக்க முடியாது. ஆனால் அறிவியல் தமிழ் என்று கூட்டம் போட்டால் நாம் என்ன பேசுகிறோம்? 'சுரங்கம்' என்பது நிலத்தடிக்குத்தானே பொருந்தும், 'காற்றுக் குழல்' என்றால் என்ன, 'காற்றுப் புழை' என்றால் என்ன என்று ஒன்றரை மணி நேரம். மேடையில் இருந்த நால்வரில் ஒருவராவது அந்தப் பொருளின் முன்னால் நின்று, சிறகின் மேல் ஒட்டிய கம்பளி நூல்கள் நடுங்கி, பிறகு சட்டென்று திரும்பி எதிர்ப்பக்கம் படுப்பதைக் கண்ணால் பார்த்திருப்பார்களா? காற்று சிறகை விட்டுப் பிரியும் கணம் அது. விமானம் தூக்குவிசையை இழப்பது அப்படித்தான். அதைப் பார்த்தவர் சொல்லுக்காக இவ்வளவு சண்டை போடமாட்டார், சொல் தானாக வரும்.

சொல் தானாக வந்த ஒருவரைச் சொல்கிறேன். இங்கே கூரை வேலை செய்கிறவர், நான் மாமா என்று கூப்பிடுவேன். பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. தகரக் கூரை போட்டுக்கொண்டே அவர் சொன்னது: "காத்து கூரையத் தள்ளிப் பிக்காது தம்பி. மேலருந்து உறிஞ்சித்தான் பிக்கும். மொதல்ல மூலைதான் கெளம்பும். அதான் மூலையில ரெட்டை ஸ்குரூ போடுறது."

மலேசியாவில் காற்றுச்சுமைக்கு ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது, எம்.எஸ். 1553, 2002இல் வந்தது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து விதிகளை அடியொற்றியது. காற்றின் வேகம் அளந்த நிலையங்களின் வரிசையில் மெர்சிங்கும் உண்டு. அந்த ஆஸ்திரேலிய மரபு என்ன சொல்கிறது? கூரையின் விளிம்பை ஒட்டிய பட்டையில் உறிஞ்சலை 1.5 மடங்காக எடுத்துக்கொள், இன்னும் நெருங்கிய இடத்தில் 2 மடங்காக எடுத்துக்கொள் என்கிறது. ரெட்டை ஸ்குரூ! இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஒன்று சுரங்கங்கள் வழியாக, இன்னொன்று பிய்ந்துபோன கூரைகள் வழியாக.

கூரையைக் காற்று உறிஞ்சுகிறது என்பதே பொறியாளர்களுக்கு லேசில் புரிந்த விஷயமில்லை. கோபன்ஹேகன் எரிவாயு ஆலையின் பொறியாளர் இர்மிங்கர் 1890களில் அதைச் சோதித்துக் காட்டினார். எப்படி? அவரிடம் விசிறிகூட இல்லை. ஆலையின் உயரமான புகைபோக்கி காற்றை இழுக்குமல்லவா, அந்த இழுப்பில் ஒரு குழாயை இணைத்து, அதற்குள் சின்ன வீட்டு மாதிரியை வைத்தார். எதிர்க்காற்றில் அமுக்கப்படுவதைவிட மறுபக்கத்து உறிஞ்சல் பெரிதாக இருந்தது. வீடும் ஒரு மட்டமான சிறகுதான் என்று தெரிந்தது. பல்கலைக்கழகம் இல்லை, மானியம் இல்லை, ஒரு புகைபோக்கியும் ஒரு சந்தேகமும்.

இப்போது 2001க்கு வாருங்கள். அந்த ஆண்டு ஜொகூரில் காற்று சம்பந்தமாக இரண்டு விஷயம் நடந்தது. ஒன்று, ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் குறைவேகக் காற்றுச் சுரங்கம் செயல்பாட்டுக்கு வந்தது. மூடிய சுற்று. சோதனைப் பகுதி 2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரம், 5.8 மீட்டர் நீளம். விநாடிக்கு 80 மீட்டர் வரை, அதாவது மணிக்கு 288 கிலோமீட்டர். எந்த நாடும் பெருமைப்படக்கூடிய கருவி. இங்கிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரம்.

இன்னொன்று டிசம்பர் 27 அன்று நடந்தது. பூமத்திய ரேகைக்கு 5 பாகைக்குள் புயல் உருவாகாது, பூமியின் சுழற்சி தரும் திருப்புவிசை அங்கே போதாது என்பது பாடப்புத்தகம். வாமெய் என்ற புயல் கிட்டத்தட்ட 1.4 பாகையில் உருவாகி, ஜொகூரின் தென்கிழக்குக் கரையில் ஏறியது. அமெரிக்கக் கடற்படை அதை டைஃபூன் என்றே வகைப்படுத்தியது. வெள்ளம், மண்சரிவு, உயிர்ச்சேதம். நமக்குப் பழகின வடகிழக்குக் காற்று, போர்னியோ பக்கத்துச் சுழலோடு ஒடுங்கிய கடலில் மாட்டிக்கொண்டு இந்த வேலையைச் செய்தது. புத்தகத்தோடு ஒத்துப்போகாத காற்று, நம் வாசலுக்கே வந்தது.

"அது நூறு வருஷத்துக்கோ நானூறு வருஷத்துக்கோ ஒரு தடவைப்பா" என்பார்கள். சரி, வாமெயை விட்டுவிடுங்கள். இடிமழைக்கு முன்னால் வரும் பத்து நிமிஷக் காற்றுக்கு எத்தனை வருஷக் கணக்கு? கம்பத்து வீட்டுக் கூரை போவது அதில்தான். அந்த வீட்டைப் பொறியாளர் வரைவதில்லை. விதித்தொகுப்பு அங்கே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் வட மாநிலங்களின் கிராமத்து வீடுகளில் காற்று செய்யும் சேதத்தை ஆராய்ந்திருக்கிறார்கள், அது நல்ல வேலை. அந்த மாதிரி வேலை ஒன்றிரண்டு பேராசிரியர்களின் விருப்பமாக இல்லாமல், ஒவ்வொரு மாணவரின் பாடமாக இருக்க வேண்டும் என்பதே என் வழக்கு.

அப்படி நடந்த இடம் இருக்கிறது. 1974 கிறிஸ்துமஸ் இரவு ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தை டிரேசி புயல் அடித்தது. விமான நிலையத்துக் காற்றுமானி மணிக்கு 217 கிலோமீட்டர் காட்டிவிட்டுச் செத்துப்போனது. ஊரின் பெரும்பகுதி வீடுகள் போயின. ஆராய்ந்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. தகரக் கூரைகள் ஒரே இழுப்பில் போகவில்லை. காற்று இழுத்து விட்டு, இழுத்து விட்டு, ஸ்குரூவைச் சுற்றித் தகரம் களைத்து வெடித்திருந்தது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்போமே, அது மாதிரி. அன்றைய சோதனை முறைகள் அதைப் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை. 1977இல் டவுன்ஸ்வில்லில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு புயல் சோதனை நிலையம் தொடங்கினார்கள். கூரைத் தகரமும் ஸ்குரூவும் அங்கே முனைவர் பட்டத்துக்குரிய விஷயம். நம் ஊரில் இதைத் தலைப்பாகச் சொன்னால் வழிகாட்டி சிரிப்பார், "ட்ரோன் ஏதாவது பண்ணுப்பா" என்பார்.

பெரிய சுரங்கத்தை மாணவர்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதன் மின்கட்டணம் பெரியது, பராமரிப்பு பெரியது, வெளி நிறுவனங்களின் வேலையை எடுத்தால்தான் ஓடும். அது நியாயம். நான் கேட்பது சின்னது. இரண்டாம் ஆண்டு மாணவர்கள் ஐந்து ஐந்து பேராகத் தாங்களே ஒன்று கட்டட்டும். பிளைவுட், தொழிற்சாலைக் காற்றுவிசிறி ஒன்று, பபிள் டீ ஸ்ட்ராக்களை அடுக்கி ஒட்டிய தேன்கூடு. ஸ்ட்ராவுக்கு இந்த நாட்டில் பஞ்சமா என்ன? விநாடிக்கு 10 மீட்டர் காற்றின் அழுத்தம் 6 மில்லிமீட்டர் தண்ணீர் உயரம்தான். கண்ணாடிக் குழாயைச் சாய்த்து, சாயத் தண்ணீர் ஊற்றினால் அதுவே சில சென்டிமீட்டராக நீண்டு தெரியும். அழுத்தமானி ரெடி.

சின்னப் பெட்டியில் எடுத்த எண் பெரிய வீட்டுக்குச் செல்லுமா என்பது நல்ல கேள்வி. விமானச் சிறகுக்கு லேசில் செல்லாது. அளவைப் பத்தில் ஒன்றாக்கினால் வேகத்தைப் பத்து மடங்காக்க வேண்டிய தொல்லை அங்கே உண்டு. ஆனால் தகரக் கூரைக்குக் கூர்மையான விளிம்பு இருக்கிறது. காற்று எந்த வேகத்தில் வந்தாலும் அந்த விளிம்பில்தான் பிரியும். அதனால் சிறிய மாதிரி பெரிய பொய் சொல்லாது. ஒரு நிபந்தனை: காற்று வழவழவென்று வரக்கூடாது. தரையில் மரம், வேலி, புதர் என்று உரசித் தடுமாறி வரும் காற்று மாதிரியே வர வேண்டும். டென்மார்க்கின் மார்ட்டின் யென்சன் 1958இல் நிறுவியது இது. சுரங்கத் தரையில் சின்னச் சின்னக் கட்டைகளை வரிசையாக ஒட்டினால் அந்தத் தடுமாற்றம் கிடைக்கும். எத்தனை கட்டை, எவ்வளவு உயரம்? கடற்கரைக்கு ஒன்று, ரப்பர் தோட்டத்துக்கு ஒன்று. மாணவர் ஊருக்குள் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒட்ட வேண்டும். இந்த ஒரு வேலைக்காகவே நான் இந்தப் பாடத்துக்கு ஓட்டுப் போடுவேன்.

பணம் இல்லை என்ற பேச்சை மட்டும் என்னிடம் எடுக்க வேண்டாம். 1950களின் தொடக்கத்தில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சதீஷ் தவான் கட்டிய ஒலிமிஞ்சும் சுரங்கத்தின் வாய் 1 அங்குலத்துக்கு 3 அங்குலம். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு. 1967இல் அதே ஊரில் தேசிய வானூர்தி ஆய்வகத்தின் 1.2 மீட்டர் சுரங்கம் ஓடத் தொடங்கியபோது, அதை ஓட்டத் தெரிந்தவர்கள் நாட்டில் இருந்தார்கள் என்றால், அந்தத் தீப்பெட்டிகளின் முன்னால் நின்றவர்கள்தான். நாம் பெரிய பெட்டியை முதலில் வாங்கிவிட்டு, பிறகு பிள்ளைகளிடம் "தொடாதே" என்கிறோம்.

முதல் கேள்வியை நானே தருகிறேன். எங்கள் பக்கம் தகரக் கூரை மேல் பழைய கார் டயர் வைப்பார்கள். விதித்தொகுப்பின் முதல் வலயத்து வேகம் விநாடிக்கு 33.5 மீட்டர். அந்தக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 68 கிலோ எடைக்குச் சமம். தகரம் 5 கிலோ, டயர் ஏழெட்டுக் கிலோ. டயரும் கூரையோடு சேர்ந்து பறக்கும், சந்தேகமில்லை. ஆனால் சாதாரணப் பருவக்காற்று 15 மீட்டரில் அடிக்கும்போது அந்த எடை 14 கிலோவாக இறங்கிவிடுகிறது. அங்கே டயருக்கு மரியாதை உண்டு. தகரம் படபடப்பது நின்றால் ஸ்குரூ ஓட்டை களைப்பதும் குறையலாம். மாமா டயரை நடுவில் வைக்கமாட்டார், மூலைக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைப்பார். மூலையில் கிளம்பும் சுழலை ஒரு தடுப்பு கலைத்துவிட்டால் உறிஞ்சல் குறையும் என்று பெரிய கட்டடங்களில் சோதித்திருக்கிறார்கள். அப்படியானால் டயர் வேலை செய்வது எடையாலா, வடிவத்தாலா? பென்சில் டப்பா அளவுக்கு ஒரு வீடு, பொம்மைக் காரிலிருந்து கழற்றிய நாலு டயர், மூலையில் ஓர் ஊசித்துளை. டயரை வைத்து ஒரு ஓட்டம், எடுத்து ஒரு ஓட்டம், இரண்டு அங்குலம் தள்ளி வைத்து ஒரு ஓட்டம். ஒரு மதியம் போதும்.